லீற்றருக்கு எட்டரை

என்னுடைய வாய் கெட்ட வாய். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். அன்னலட்சுமி மிஸ் தொலைபேசியை எடுத்தால் பெரிய டொக்டர்மாரும் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள் என்று அங்கே ஒரு கதை இருந்தது. அது முழுக்கப் பொய்யும் இல்லை. ஓய்வு பெற்றபின் உட்துறைமுக வீதியில் இரண்டு அறை எடுத்துச் சின்னதாக ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம் தொடங்கினேன். வாயும் கூடவே வந்துவிட்டது. அந்த வாயால் றிஸ்விக்கு நான் செய்ததை நானே சொல்வதுதான் நியாயம். வேறு யாரும் சொன்னால் என் வயதுக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவார்கள்.

றிஸ்வி எங்கள் ஊரிலேயே ஜமாலியாப் பக்கத்துக்காரர். வயது நாற்பத்துமூன்று. ஒல்லியான, உயரமான மனிதர். முன்பல் ஒன்று மற்றப் பற்களுக்கு முந்திக்கொண்டு நிற்கும். வாப்பாவோடு கடலுக்குப் போனவர், ஓட்டோ ஓட்டினவர், பிறகு ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்துக்கு நோயாளிகளைத் தள்ளுவண்டியில் தள்ளித் திரிந்தவர். எனக்குப் பழக்கமானது அங்கேதான். வண்டியை வாசலில் விட்டுவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "மிஸ், இந்தக் குழாய்க்கு ஊதா மூடி, அதுக்குச் சிவப்பு மூடி. ஏன் அப்பிடி?" என்று கேட்ட ஒரே ஊழியர் அவர். ஊதா மூடிக் குழாய்க்குள் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கிடக்கிறது என்று சொன்னேன். போவார் என்று பார்த்தால் போகவில்லை. "அப்ப உடம்புக்குள்ள மருந்து இல்லாமலே ஏன் மிஸ் உறையுதில்ல?" என்றார். அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டை மூன்று மணிக்குத்தான் சாப்பிட்டேன்.

அந்த ஆவலுக்காகவே அவரைக் கொழும்புக்கு அனுப்பி இரத்தம் எடுக்கப் படிக்கவைத்தேன். சான்றிதழோடு திரும்பி வந்தார். லேசான கை. ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது என்று உவர்மலைப் பக்கத்து முதியவர்கள் சொல்வார்கள். நான் நிலையம் தொடங்கியபோது அவரையே கூப்பிட்டேன். நடக்க முடியாதவர்கள், சீனி வருத்தக்காரர், இதய நோயாளிகள் என்று ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு வரும். அதிகாலை ஐந்தரைக்கு என்னுடைய வெள்ளை அல்டோக் காரை எடுத்துக்கொண்டு புறப்படுவார். உவர்மலை, மனையாவெளி, திருக்கடலூர், பாலையூற்று, அன்புவழிபுரம் என்று சுற்றிப் பத்தரை மணிபோல் குழாய்களோடு வருவார். மிச்ச வேலை என்னுடையது. இரவில் கார் அவருடைய வீட்டில் நிற்கும்.

நாலு வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. போன ஆடி மாதம் பதினோராம் தேதி, மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் நிருபன் கீழே இறங்கி வந்தான். வங்கியில் வேலை செய்கிற பிள்ளை. அவனும் அதே வருடத்து அதே கார்தான் வைத்திருக்கிறான்.

"அன்ரி, என்ர கார் டவுனுக்குள்ளயே லீற்றருக்குப் பதினாறு ஓடுது. உங்கட எவ்வளவு ஓடுது?" என்று கேட்டான். சும்மா பெருமைக்குக் கேட்ட கேள்வி.

எனக்குத் தெரியவில்லை. தெரியாதென்று சொல்லவும் மனம் வரவில்லை. அவன் போனபின் பெற்றோல் அடிக்கிற செட்டில் தந்த பற்றுச்சீட்டுத் துண்டுகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். எட்டரை வந்தது. எங்கேயோ பிழை விட்டுவிட்டேன் என்று திரும்பவும் பார்த்தேன். அப்போதும் எட்டரைதான். ஒரே கார், ஒரே ஊர், ஒரே வெயில். அவனுடையது பதினாறு, என்னுடையது அதில் பாதி. மற்றப் பாதி எங்கே?

அந்த நேரம் பார்த்து றிஸ்வி உள்ளே வந்தார். வரவேற்பு மேசையில் கீர்த்தனி இருந்தாள். கதிரைகளில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள், ஒருவர் ஜமாலியா ஆள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். நாளைக்குக் கேட்டிருக்கலாம். என் வாய்க்கு அந்தப் பொறுமை எந்தக் காலத்தில் இருந்தது?

"றிஸ்வி, லீற்றருக்கு எட்டரைதான் ஓடியிருக்கு. மற்றப் பாதியை எங்க விக்கிறீங்கள்?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த குழாய்த் தட்டை முதலில் மேசையில் பத்திரமாக வைத்தார். பிறகு கையைத் துடைத்தார். கோபப்படுவார், சத்தியம் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"மிஸ், நான் சனத்திட படுக்கை அறைக்குள்ள போறவன்," என்றார். "தலையணைக்குக் கீழ சங்கிலியக் கழட்டி வச்சிட்டு மனிசர் எனக்குக் கையை நீட்டுறாங்க. கள்ளன் எண்ட பேரோட எனக்கு ஒரு வீட்டு வாசல்லயும் ஏறேலாது. இந்த மாசம் முடியுறதுக்குள்ள பெற்றோல் எங்க போகுதெண்டு கண்டுபிடிச்சுத் தாறன். ஏலாட்டி அடுத்த மாசம் நான் வரமாட்டன்."

இருபது நாள் தவணை. அதை அவரே போட்டார்.

அன்று பின்னேரமே ஒரு கொப்பியோடு வந்தார். முதல் பக்கத்தில் கோடு போட்டுத் தேதி, ஓடிய தூரம், அடித்த பெற்றோல், மாற்றிய விஷயம் என்று நாலு வரிசை எழுதியிருந்தார். "எல்லாத்தையும் ஒரே நாளில மாத்தினா எது பிழையெண்டு தெரியாது மிஸ். ஒண்டொண்டா மாத்திப் பாப்பம்," என்றார். ஆய்வுகூடத்தில் நான் வருடக்கணக்காக எல்லோருக்கும் சொன்ன பாடம் அது. அதை என்னிடமே திருப்பிச் சொல்கிறாரே என்று எரிச்சல் வந்தது.

முதலில் காரை இரவில் நிலையத்து வளவுக்குள் நிறுத்தி, இரண்டு சாவியையும் என்னிடம் தந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார். மூன்று நாள் பார்த்தோம். எட்டரைதான் வந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். சந்தேகம் பிடித்த மனம் எதையும் விடாது. இரவில் எடுக்காவிட்டால் பகலில் எடுக்கலாம்தானே என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது.

அடுத்தது டயர். நாலு சில்லிலும் காற்று இருபத்திரண்டுதான் இருந்தது, முப்பது இருக்கவேண்டும். காற்றில்லாத சைக்கிளை மிதித்தால் கால் வலிப்பதைப்போலத்தான் காருக்கும் என்று எனக்கு விளக்கம் தந்தார். காற்று அடித்தோம். பிறகு டிக்கியைத் திறந்தோம். பழைய பைல்கள் இரண்டு சாக்கு, தண்ணீர் நிறைத்த பெரிய பிளாஸ்டிக் கான் ஒன்று, தூக்க முடியாத இரும்பு ஸ்டாண்ட் ஒன்று. "இதெல்லாம் ஆற்ற சாமான்?" என்று அதட்டினேன். "உங்கட சாமான் மிஸ். ஸ்டாண்டை ஒட்டுவேலைக்குக் குடுக்கச் சொல்லித் தைமாசம் ஏத்தினீங்க. பிறகு இறக்க வேணாம், ஞாபகம் வரட்டும் எண்டீங்க," என்றார். கீர்த்தனி திரும்பி நின்று கணினியைப் பார்த்துச் சிரித்தாள். சாமான்களை இறக்கினோம்.

ஓட்டுகிற விதத்தில் பெரிய குறை இல்லை. இரத்தக் குழாய்களை வைத்துக்கொண்டு எவரும் குலுக்கி ஓட்டமாட்டார். ஆனாலும் அதையும் பரீட்சித்தார். கோட்டைப் பக்கம் மான்கள் நடுறோட்டில் நின்று யோசிக்கும். முன்னர் கிட்டப் போய் பிரேக் பிடிப்பவர், இப்போது தூரத்திலேயே மானைக் கண்டு காலை எடுத்துவிட்டார். பஸ் நிலையச் சந்தியிலும் அப்படியே. பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தரமும் ஓடி வந்த வேகத்தை எறிகிறோம், எறிந்ததைத் திரும்ப எடுக்கப் பெற்றோல் வேண்டும் என்றார். எனக்கே அது புதிதாக இருந்தது. எல்லாம் சேர்த்துச் செய்த பிறகு எட்டரை, எட்டே முக்காலும் கொஞ்சமும் ஆனது. அவ்வளவுதான்.

பிறகு நடந்ததுதான் எங்கள் இரண்டு பேரையும் குழப்பியது. வீடுகளின் வரிசையை மாற்றினால் டவுனை இரண்டு தரம் குறுக்கே வெட்டத் தேவையில்லை என்று கண்டார். ஒரு நாளைக்கு நாற்பத்தொரு கிலோமீற்றர் ஓடிய கார், முப்பத்தாறோடு வேலையை முடித்தது. நான் சந்தோஷப்பட்டேன். கொப்பியைப் பார்த்தால் லீற்றருக்கு எட்டு என்று இறங்கிக் கிடந்தது.

"தூரம் குறைஞ்சிட்டுது மிஸ். பெற்றோல் அந்த அளவுக்குக் குறையேல்ல," என்றார். முகத்தில் கவலை இருந்தது. ஆனால் கண் ஊதா மூடியைப் பார்த்த பழைய கண்ணாக இருந்தது. "பெற்றோல் தூரத்துக்குப் போகாம வேற என்னத்துக்கோ போகுது."

வேற என்னத்துக்கு என்று எனக்கு ஒரு விடை தெரியும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆகவே அடுத்த நாள் நானும் வருகிறேன் என்றேன். அவருக்குப் புரிந்தது. "வாங்க," என்றார்.

காலையில் செட்டுக்குப் போய் டாங்கி வழிய நானே நின்று அடிப்பித்தேன். முன் சீற்றில் ஏறி இருந்தேன். பதினான்கு வீட்டுக்கும் போனோம். அவர் ஊசிப் பெட்டியோடு உள்ளே போவார், நான் காரில் இருப்பேன். ஏசி நன்றாக வேலை செய்தது. ஒரு சால்வை கொண்டு வந்திருக்கலாம் என்றுகூட நினைத்தேன். இரத்தம் எடுக்க மூன்று நிமிடம் போதும். மனிதர் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் வரமாட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். "தேத்தண்ணி வச்சிட்டாங்க மிஸ்," என்பார்.

ஊர் வழக்கம் அது. இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்து இரத்தம் கொடுத்தவர்கள் அடுத்த நிமிடம் தேத்தண்ணி குடிப்பார்கள். வீட்டுக்கு வந்த மனிதன் நிற்கத் தாங்கள் மட்டும் குடிக்க எங்கள் சனத்துக்குத் தொண்டைக்குள் இறங்காது. உவர்மலையில் அருளம்பலம் என்று ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் கனடாவில். "தம்பி, நீர் குடிக்காட்டி நானும் குடியன்," என்று பிடிவாதமாக நிற்பாராம். திருக்கடலூரில் ஒரு வீட்டில் பொரித்த மீனும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு காருக்கு வந்தது. நல்ல மீன்.

சுற்றி முடித்து அதே செட்டில் டாங்கி வழிய அடித்தோம். முப்பத்தாறு கிலோமீற்றர், நாலரை லீற்றர். லீற்றருக்கு எட்டு. நான் ஒரு கணமும் காரை விட்டு இறங்கவில்லை. ஒரு துளியும் யாரும் எடுக்கவில்லை.

"நீங்கள் எடுக்கேல்ல," என்றேன். அதை மெல்லத்தான் சொன்னேன். பழி சொன்னபோது இருந்த குரல் அப்போது வரவில்லை.

அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பெற்றோல் மூடியைப் பூட்டிவிட்டு, "அப்ப எங்க மிஸ் போகுது?" என்றார்.

இருபத்தேழாம் தேதி, சனிக்கிழமை பின்னேரம். நாலு நாள் மிச்சம். இந்த வருடத்துத் துண்டுகள் முழுவதையும் கேட்டார். குழாய்கள் கழுவுகிற மேசையில் மாதம் மாதமாக அடுக்கினோம். அவர் வாசித்தார், நான் கணக்குப் போட்டேன். தை எட்டு தசம் நாலு. மாசி எட்டு தசம் ஆறு. பங்குனி பதினொன்றரை. சித்திரை எட்டரை. வைகாசியும் ஆனியும் அதேதான்.

"நில்லுங்கோ," என்றேன். "பங்குனி மாசம் என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்ல மிஸ். நோன்பு பிடிச்சனான்."

"கார் நோன்பு பிடிக்கேல்லத்தானே?" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே நிற்கிற காரையே பார்த்தார்.

"நோன்பில நான் ஒரு வீட்டிலயும் தேத்தண்ணி குடிக்கேல்ல மிஸ். ஆரும் கேக்கவும் இல்ல. எடுத்த உடன வெளியில வந்திடுவன்."

"அதுக்கும் காருக்கும் என்ன?"

"மற்ற நாளில கார் பத்துப் பதினைஞ்சு நிமிசம் நிக்கும். நோன்பில நாலைஞ்சு நிமிசம்தான்."

"நிண்டா என்ன? நிக்கிற காருக்குப் பெற்றோல் என்னத்துக்கு?"

"ஏசி போட்டபடிதானே நிக்கும் மிஸ்," என்றார்.

அதை அவர் வெகு சாதாரணமாகச் சொன்னார். முந்தின நாள் சால்வை இல்லாமல் நடுங்கிக்கொண்டு அந்தக் காருக்குள் நான்தான் இருந்தேன். எஞ்சின் ஓடுகிற சத்தத்துக்குள் நாலு மணித்தியாலத்துக்கு மேல் இருந்துவிட்டு, பெற்றோலை எவன் எடுக்கிறான் என்று றோட்டைப் பார்த்தேன்.

"ஆளில்லாத காருக்கு ஏசி ஏன்?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சொன்னீங்க."

ஓம், நான்தான் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன், சித்திரை வெயிலில், எட்டுக் குழாய் இரத்தம் காருக்குள் சூடேறிப் பழுதாகிவிட்டது. எட்டு வீட்டுக்கும் திரும்பப் போய்க் குத்தவேண்டி வந்தது. அன்றைக்கு நான் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "இனி இந்தக் கார் ஒரு நிமிசம் சூடாகினாலும் நீங்கள் வேற வேலை பாருங்கோ," என்று கத்தினேன். சொன்ன நான் அடுத்த கிழமையே மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை. எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, இன்னொரு சாவியால் கதவைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயிருக்கிறார். குழாய்த் தட்டை உள்ளே கொண்டு போகலாம்தானே என்றால், மற்றவர்களுடைய இரத்தத்தைக் கண்டால் சிலருக்குத் தலை சுற்றும், அதனால் கொண்டு போவதில்லை என்றார்.

அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்தால் இன்னும் கூடப் பெற்றோல் போகும் என்பது அவருடைய எண்ணம். ஓட்டோக் காலத்தில் யாரோ சொன்னது. ஒரு தரம் ஸ்டார்ட் அடித்தால் ஒரு கிளாஸ் பெற்றோல் போய்விடுமாம். உண்மையைச் சொன்னால் நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். கிலோமீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, கிலோமீற்றர் ஏறாத நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

"பரிசோதிச்சுப் பாப்பம்," என்றேன். அவர் முதலே எழும்பிவிட்டார்.

எங்கள் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு செட் இருக்கிறது. டாங்கி வழிய அடித்துக்கொண்டு வந்து வளவுக்குள் வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தினோம். எஞ்சின் ஓட, ஏசி போட, ஆய்வுகூடத்து மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வெளியே கதிரை போட்டு இருந்தோம். இரண்டு மணித்தியாலம். நிருபன் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "அன்ரி, என்ன நடக்குது?" என்று கேட்டான். "கார் நிக்கிறதைப் பாக்கிறம்," என்றேன். உள்ளே போய்விட்டான்.

அந்த இரண்டு மணித்தியாலமும் றிஸ்வி என்னிடம் கேள்விகள் கேட்டார். நிற்கிற எஞ்சின் என்ன வேலை செய்கிறது? தன்னைத்தானே சுற்றுவதற்கா இவ்வளவு? ஏசி மட்டும் எவ்வளவு குடிக்கும்? மனிசன் படுத்துக் கிடக்கும்போது இதயமும் ஈரலும் இப்படித்தான் சாப்பாட்டை எரிக்குமா? கடைசிக் கேள்விக்கு எனக்கு விடை தெரியும். ஓம், அப்படித்தான் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு செட்டுக்குப் போய்த் திரும்ப அடித்தோம். ஒன்று தசம் ஏழு லீற்றர் உள்ளே போனது. கார் கால் மைல்கூட ஓடவில்லை.

றிஸ்வி சிரித்தார். பதினாறு நாளுக்குப் பிறகு அந்த முன்பல்லை அன்றைக்குத்தான் கண்டேன். பெற்றோல் அடிக்கிற பெடியனுக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை. பாதிப் பெற்றோலைத் தின்றது நான் போட்ட சட்டம். களவெடுத்தவள் நான் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த நாள் சூடு உள்ளே ஏறாத, மூடியுள்ள சின்ன ரெஜிபோம் பெட்டி ஒன்று வாங்கினோம். மீன்காரர் வைத்திருக்கிற சாதிதான். அடியில் ஐஸ், அதற்கு மேல் துவாய், துவாய்க்கு மேல் குழாய்கள். வெளியில் இருந்து ஒன்றும் தெரியாது, பெட்டி அவரோடேயே வீட்டுக்குள் போகும். வாசலில் கார் அணைந்து நிற்கும். தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லி நோயாளிகளுக்கு நான் தொலைபேசி எடுக்கவா என்று கேட்டேன். "ஐயோ மிஸ், வேணாம். அருளம்பலம் ஐயா பிறகு பசியோடயே இருந்திடுவார்," என்றார். முப்பத்தோராம் தேதி கொப்பியில் பதினாறு தசம் மூன்று என்று எழுதினார். நிருபனுடைய காரைவிடக் கூட.

அன்று கீர்த்தனிக்கு முன்னாலும், கதிரைகளில் இருந்த நோயாளிகளுக்கு முன்னாலும் நான் எழும்பி நின்று, "றிஸ்வியில ஒரு பிழையும் இல்ல, பிழை என்ர. நான் சொன்ன கதைக்கு மன்னிப்புக் கேக்கிறன்," என்று சத்தமாகச் சொன்னேன். பழியைச் சத்தமாகச் சொன்னவள் இதையும் சத்தமாகத்தான் சொல்லவேண்டும். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனார். அடுத்த மாதமும் வேலைக்கு வந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. கொப்பி நிற்கவில்லை. தினமும் பத்தரைக்கு என் மேசையில் அதைத் திறந்து வைத்துவிட்டுப் போவார். தூரமும் பெற்றோலும் மட்டும் என்றால் பரவாயில்லை. கொண்டுபோன ஊசி இத்தனை, பாவித்தது இத்தனை, மிச்சம் இத்தனை. பஞ்சு, பிளாஸ்டர், கையுறை. ஒரு நாள் கீழே விழுந்து உடைந்த குழாயின் துண்டுகளைக் கடதாசியில் சுற்றி அந்தப் பக்கத்தோடு வைத்திருந்தார். நான் கேட்கவில்லை. "இதெல்லாம் வேண்டாம் றிஸ்வி," என்றேன். "இருக்கட்டும் மிஸ்," என்றார். ஊதா மூடியைப் பற்றியோ ஈரலைப் பற்றியோ அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அது எனக்குத் தாங்க முடியாமல் போனது. வீட்டுக்குப் போய் அவருடைய மனைவிக்கு முன்னால் சொன்னால் மனம் ஆறுவார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பிள் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டோவில் ஜமாலியாவுக்குப் போனேன். றிஸ்வி அசர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார். மனைவி அசனா கதவைத் திறந்தார். என்னை அதற்கு முன் இரண்டு தரம்தான் கண்டிருப்பார். கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க மிஸ்," என்றார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "உங்கட அவர் ஒரு துளியும் எடுக்கேல்ல. நான் சொன்னது அபாண்டம். உங்களுக்கும் நேரில சொல்லவேணும் எண்டு வந்தனான்," என்றேன்.

 அசனா முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கே கதை இஞ்ச வந்திட்டுது மிஸ்," என்றார். "உங்கட இடத்தில இருந்த ஒருத்தர் வந்து கடையடியில சொல்லியிருக்கிறார். இவர் வந்த உடன நான் கேட்டன். வல்லாஹி எடுக்கேல்ல எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, நான் நம்புறன் எண்டன். சொல்லேல்ல. 'செய்யாத காரியத்துக்கு அல்லாஹ்ட பேரை ஏன் இழுக்கிற?' எண்டிட்டுப் போயிட்டார். அவர் சத்தியம் பண்ணாததால எடுத்திருப்பார் எண்டுதான் நான் நினைச்சன். பதினாறு நாள் அவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல மிஸ். சோத்தைப் போட்டு மூடி வச்சிட்டுப் படுத்திடுவன்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒன்றும் இருக்கவில்லை.

"கண்டுபிடிச்ச அண்டைக்கு வந்து கார் கதை முழுக்கச் சொன்னார்," என்றார் அசனா. "நிண்ட கார் எப்பிடிக் குடிச்சது, நோன்பு மாசம் எப்பிடிக் காட்டிக் குடுத்தது எல்லாம். பிள்ளையள் சிரிச்சுதுகள். நான் கேட்டதைப் பத்தி மட்டும் ஒண்டும் சொல்லேல்ல. இண்டைக்கு வரைக்கும் சொல்லேல்ல. அவரிட்ட நான் எப்பிடி மிஸ் மன்னிப்புக் கேக்கிற? நீங்க கேட்டீங்க. உங்களுக்கு அவர் என்ன சொன்னார்?"

தலையை ஆட்டிவிட்டுக் கை கழுவப் போனார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதரைக் கள்ளன் என்று நினைத்த இரண்டு பேரும் அவருடைய வீட்டுக் கதிரைகளில் எதிரெதிராக இருந்தோம். அசனா அழத் தொடங்கினார். அவருடைய கையைப் பிடித்தேன்.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. றிஸ்வி தொப்பியோடு உள்ளே வந்தார். என்னைக் கண்டார், அழுகிற மனைவியைக் கண்டார். வாங்க என்று சொல்லவில்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"மிஸ்," என்றார். "இப்ப கணக்கில என்ன குறைஞ்சிருக்கு?"